லாக்கை எடுக்காமல் இறங்கிய அண்ணாத்தே

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு துக்கச் செய்தி. நீங்கள் மலை சைக்கிள் விற்கப் போகும் இந்தப் பக்கத்தில் மலை கிடையாது. அம்பத்தூரிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, எங்கே போனாலும் தோசைக்கல் மாதிரி தட்டை. மேம்பாலம்தான் நமக்குச் சிகரம். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதுதான் பள்ளத்தாக்கு. ஆனாலும் மலை சைக்கிள் விற்கிறது. நீச்சல் தெரியாதவர்கள்தான் நீச்சல் உடையை ஆசையாக வாங்குவார்கள்.

நான் நூர்ஜஹான். பூந்தமல்லிக்காரி. மண்ணூர்பேட்டையில் இதே கடைக்குப் பில் போட வந்தவள். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் பட்டறைப் பக்கம் நடமாடினேன். சும்மா நிற்கிறாளே என்று யாரோ கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை ரைடுகளுக்கு வழிகாட்டியாக இருந்து ஓய்வு பெற்றேன். வாடிக்கையாளர்களை மலைக்குக் கூட்டிப் போய், முடிந்தவரை அதே உருவத்தில் அவரவர் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அந்த வேலை. இப்போது நீங்கள் செய்யப் போவதும் அதுதான்.

செயின் மாற்றுவதையும் பிரேக் சரிபார்ப்பதையும் நான் சொல்லித் தரப் போவதில்லை. கைபேசியில் அதற்கெல்லாம் வீடியோ இருக்கிறது. வீடியோவில் இல்லாத ஒன்று உண்டு. இறக்கத்தின் நடுவில் உங்களுக்கு ஓர் உண்மை தெரிய வருகிறது. உடனே சொல்வதா, வாயை மூடிக்கொள்வதா? இதில் தவறினால் ஒருவர் எலும்பு உடையும். இன்னொருவருக்கு எலும்பை விட முக்கியமான ஏதோ ஒன்று உடையும். எனக்குத் தெரிந்து இரண்டும் ஒரே நாளில் உடைந்தன.

கதைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சரக்கைச் சொல்லிவிடுகிறேன். மலை சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. கல்லில் ஏறினால் அது முழங்காலைப் போல மடங்கி நிமிரும். மேட்டில் ஏறும்போது இந்த மடங்கல் நம் சக்தியைத் தின்றுவிடும் என்பதால், மேலே ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். திருகினால் லாக். ஃபோர்க் கட்டையாகிவிடும். இறங்கும்போது மறுபடி திருகித் திறக்க வேண்டும். நம் கடையில் விற்பனைக்கு நிற்கும் பையன்கள் என்ன சொல்வார்கள் தெரியுமா? “லாக் போட்டு ஓட்டுங்க சார், சும்மா பறக்கும்.” சாரும் லாக்கைப் போடுவார். தட்டையான ஊரில் அது போட்டபடியே கிடக்கும். தான் ஒரு ஸ்பிரிங் என்பதே அந்த ஃபோர்க்குக்கு மறந்துபோயிருக்கும்.

அதனால்தான் எங்கள் தலைமை வழிகாட்டி மலையடிவாரத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். அவரை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிடுவோம். பெயரைச் சொல்ல மாட்டேன். சென்னீர்குப்பத்தில் நலமாக இருக்கிறார், வாயும் நலமாக இருக்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் பாதியைக் கற்றுக் கொடுத்தவர், மீதியைத் தன் தவறுகளால் காட்டியவர். ஆள் கனம். இவர் ஏறினால் சைக்கிள்தான் பாவம் என்று தோன்றும். இறக்கத்தில் பார்த்தால் வாயடைத்துப் போவீர்கள். அப்படி வழுக்கிக்கொண்டு போவார்.

அந்த ஞாயிறு நாங்கள் திருவள்ளூர் தாண்டி ஒரு குன்றுக்குப் போயிருந்தோம். எது என்று சொன்னால் அடுத்த வாரமே கூட்டமாகப் போய் நிற்பீர்கள், வேண்டாம். உச்சியில் சிறிய முருகன் கோயில். ஏறுவதற்குக் கரடுமுரடான கல்பாதை. அண்ணாத்தே அடிவாரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏறச் சொல்ல லாக்கு. எறங்கச் சொல்ல ஓப்பனு. மறந்தா இன்னா ஆவும்? மாவுக்கட்டு ஆவும். புரிஞ்சிச்சா?”

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம்” என்று கையைத் தூக்கினாள் கார்த்திகா.

“யம்மா, நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினுகீறேன்? அண்ணாச்சின்ற.”

“எங்க ஊருல மரியாதைக்கு அப்படித்தான் சொல்லுவோம்.”

“சரி, கேளு.”

“ஏறும்போது லாக் போட மறந்துட்டா?”

“மூச்சு வாங்கும். சாவ மாட்ட. எறங்கச் சொல்ல எடுக்க மறந்தாதான் பேஜாரு. கல்லு மேல சக்கரம் நிக்காது, எகிறும்.”

கார்த்திகா தென்காசிப் பக்கத்துக்காரி. கணினி வேலை, அயனம்பாக்கத்தில் ஃபிளாட், இரண்டு பெண் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலையை மட்டும் பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுத் தனக்கென்று எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் மலை அவளுக்கு அதுதான். வாடிக்கையாளர்களில் கேள்வி கேட்பவர்கள் நிறைய. கேட்டுவிட்டுப் பதிலையும் காதில் வாங்குபவர்கள் அபூர்வம். அவள் அந்த அபூர்வ ரகம். பின்னால் நடந்ததற்கு அதுவே காரணமும் ஆனது.

ஏறுவதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் லாக் போட்டார்கள், எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, பாதிப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உச்சியில் பொங்கல் பொட்டலத்தைப் பிரித்தோம். அங்கேதான் ஒரு குரங்கு வந்து, அண்ணாத்தே கழற்றி வைத்திருந்த வலது கை உறையை எடுத்துக்கொண்டு கோபுரத்தில் ஏறியது.

உறை ஒன்றும் பொக்கிஷம் இல்லை. ஆனால் இத்தனை வாடிக்கையாளர்கள் பார்க்கிறார்கள். அண்ணாத்தே முதலில் அதட்டினார். பிறகு வடையைக் காட்டினார். குரங்கு இறங்கி வந்து வடையையும் வாங்கிக்கொண்டு, உறையோடு மறுபடி ஏறியது. அப்புறம் காற்றடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு துரத்தினார். எல்லோரும் கைபேசியில் படம் பிடித்தார்கள். கோயில் குருக்கள் மட்டும் பொறுமையாக, “அதுங்கிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல, இது என்னோட கண்ணாடியையே வெச்சிண்டிருக்கு” என்றார்.

உறை கடைசிவரை வரவில்லை. அவமானம் வந்தது. அவமானப்பட்ட வழிகாட்டி என்ன செய்வார்? தன் வேலையை வழக்கத்தை விடக் கறாராகச் செய்வார். வரிசையாக நிற்கச் சொல்லி, ஒவ்வொரு சைக்கிளாக வந்து, ஹேண்டில்பாரை அமுக்கி ஃபோர்க் மடங்குகிறதா என்று பார்த்து, மடங்காததைத் தன் கையாலேயே திருகித் திறந்தார். என்னுடையதையும் பார்த்தார். கூட்டத்தின் கடைசியில் வரும் எங்கள் இன்னொரு வழிகாட்டி கோபியுடையதையும் பார்த்தார். ஒன்றே ஒன்றை அவர் பார்க்கவில்லை. அவருடையதை.

எனக்கும் தோன்றவில்லை. தலைமைச் சமையல்காரரிடம் போய் உப்புப் போட்டீர்களா என்று யார் கேட்பார்கள்?

வரிசை இப்படி. முன்னால் அண்ணாத்தே. அவருக்குப் பின்னால், புதியவள் என்பதால் கார்த்திகா. அவளைப் பார்த்துக்கொள்ள நான். எனக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு மற்றவர்கள், கடைசியில் கோபி. முதல் வளைவு வரை பாதை ஓரளவு தட்டை. வளைவு தாண்டியதும் சரளைக்கல் இறக்கம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவும் முள்புதரும். அதன் முடிவில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கும் சமதளம்.

வளைவைத் தாண்டியதும் எனக்கு ஏதோ உறுத்தியது. கார்த்திகாவின் ஃபோர்க் ஒவ்வொரு கல்லுக்கும் மடங்கி நிமிர்ந்தது. அண்ணாத்தேயுடையது மடங்கவில்லை. முன்சக்கரம் தவளை மாதிரி குதித்தது. அவருடைய கைகளில் இருந்த சதை எல்லாம் ஆடியது. மனிதர் குரங்கை மறக்கவும் மற்றவர்களுக்கு மறக்கடிக்கவும் வழக்கத்தை விட வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். கை நடுக்கத்தைக்கூடக் கோபத்தின் கணக்கில் எழுதியிருப்பார்.

லாக்கை எடுக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? விசில் ஊதலாம். ஊதினால் நிற்க வேண்டும் என்பது நம் சட்டம். ஆனால் ஊதினால் முதலில் பிரேக் பிடிப்பவர் அவர்தான். தரையிலேயே நிற்காத சக்கரத்துக்குப் பிரேக் பிடித்து என்ன லாபம்? சறுக்குவார், பின்னால் வருகிற கார்த்திகா அவர் முதுகில் போய் மோதுவாள். சரி, “லாக்” என்று கத்தலாம். கத்தினால் அவர் கை தானாகக் குமிழுக்குப் போகும். ஊரார் ஃபோர்க்கை எல்லாம் திருகித் திருகிப் பழகிய கை அது. அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், அவரிடம் அனுமதி கேட்காது. இறக்கத்தில் ஒற்றைக் கையால் ஓட்டுவது, லாக்கோடு ஓட்டுவதை விட மோசம். லாக் போட்ட ஃபோர்க்கோடு அவரால் தொட்டி வரை போய்விட முடியும். கை வலிக்கும், பல் ஆடும், அவ்வளவுதான். தொட்டியருகே நின்றதும் சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் கிண்டலும் செய்துகொள்ளலாம்.

இவ்வளவையும் யோசிக்க எனக்குக் கிடைத்தது நான்கைந்து கற்களைத் தாண்டும் நேரம். வாயை இறுக மூடிக்கொண்டேன்.

ஆனால் என் வாய்க்கு மட்டும்தானே நான் பொறுப்பு. கார்த்திகாவும் பார்த்துவிட்டாள். அடிவாரத்தில் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டவள் அல்லவா. சக்கரம் எகிறும் என்றார், எகிறுகிறது. அவள் கத்தினாள்.

“அண்ணாச்சி, நீங்க லாக்க எடுக்கல.”

அவ்வளவு மரியாதையாக ஒருவர் கத்தி நான் கேட்டதில்லை. அண்ணாத்தேயின் வலது கை, நான் பயந்தபடியே, ஹேண்டில்பாரை விட்டுக் குமிழுக்குப் போனது. அதே நேரம் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறியது. ஹேண்டில்பார் இடது பக்கம் முறுக்கிக்கொண்டது. பறந்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், அவருடைய எடை அனுமதிக்கவில்லை. சாய்ந்தார். தோளால் தரையை ஒரு இடி இடித்துவிட்டு முள்புதருக்குள் போனார். சைக்கிள் பாதையின் பாதியை அடைத்துக்கொண்டு விழுந்தது.

கார்த்திகாவின் தலை அவர் விழுந்த பக்கம் திரும்பியது. கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரமும் போகும், அதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவளுடைய முன்சக்கரம் நேராக அண்ணாத்தேயின் சைக்கிளை நோக்கித் திரும்ப ஆரம்பித்தது. இப்போது வாயைத் திறந்தேன்.

“கார்த்திகா, அவரப் பாக்காத. தொட்டியப் பாரு. தொட்டிய மட்டும் பாத்துகினே போ.”

பார்த்தாள். பாறையை உரசுகிற மாதிரி சைக்கிளைத் தாண்டிப் போய்த் தொட்டியருகே நின்றாள். நான் பாறைப் பக்கமாக ஒதுங்கி இறங்கி, மேலே பார்த்து விசில் ஊதினேன். மற்றவர்கள் அப்போதுதான் வளைவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தட்டையான இடம், தடையின்றி நின்றார்கள்.

புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நூரு, எல்லாரும் நல்லாகீறாங்களா?”

“நல்லாதான் இருக்காங்க. நீங்க?”

“தோளு எங்கயோ போய்ட்டா மாதிரி கீது. கொரங்கு பாத்துச்சா?”

“இல்ல.”

“அது போதும்.”

கோபியும் நானும் முள்ளை விலக்கி அவரை வெளியே எடுத்தோம். வலது தோளெலும்பு இருந்த இடத்தில் ஒரு மேடு தெரிந்தது. என் துப்பட்டாவால் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். கட்டி முடித்த உடனே மனிதர் எழுந்து சைக்கிளை நோக்கி நடந்தார்.

“எங்க போறீங்க?”

“நான் ஓட்டிகினே வரேன். இத்தினி பேரு முன்னாடி என்ன நடக்க வெக்காத. ஒரு கை போதும்.”

“ஒரு கைல ஓட்டினதாலதான் இங்க கீறீங்க அண்ணாத்தே.”

“நூரு, உனக்கு நான் சொல்லிக் குடுத்தனா, எனக்கு நீ சொல்லிக் குடுத்தியா?”

இந்த இடத்தில்தான் பல பேர் விட்டுக்கொடுப்பார்கள். மூத்தவர், வலியில் இருக்கிறார், வாக்குவாதம் எதற்கு என்று. வாக்குவாதம் எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். குனிந்து, அவருடைய முன்சக்கரத்தின் நெம்புகோலைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

“இன்னா பண்ற?”

“ஒண்ணுமில்ல. இப்ப ஓட்டிகினு வாங்க.”

அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. பெரும்பாலும் என் பரம்பரையைப் பற்றியது. சொல்லி முடித்துவிட்டு நடந்தார். நான் முன்சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு என் சைக்கிளைத் தள்ளியபடி பின்னால் நடந்தேன். மற்றவர்களையும் சமதளம் வரை தள்ளிக்கொண்டே வரச் சொன்னேன். ஒருவர் மட்டும், இறக்கத்துக்காகத்தான் வந்தேன், இப்படி நடக்க வைக்கிறீர்களே என்று முகத்தைத் தூக்கினார். முள்புதரைக் காட்டினேன். தள்ள ஆரம்பித்தார். ஒருவர் விழுந்ததைப் பார்த்த கூட்டத்தை உடனே அதே இறக்கத்தில் விடாதீர்கள். கண்ணுக்குள் அந்தக் காட்சி இருக்கும்வரை கை பிரேக்கை விடாது.

தொட்டியருகே கார்த்திகா தரையில் உட்கார்ந்திருந்தாள். “நான்தான்க்கா கத்துனேன்” என்றாள். “அப்புறம் பேசலாம்மா, முதல்ல ஆஸ்பத்திரி” என்று சொல்லிவிட்டு நான் நகர்ந்தேன். அண்ணாத்தே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பாமலேயே கடந்து போனார். அவருக்கு வலி. அவள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, தோளெலும்பு உடைந்திருக்கிறது, கழுத்திலிருந்து துணி கட்டிக் கையைத் தொங்கவிட்டு ஓய்வெடுக்க வேண்டும் என்றார்கள். “எப்படி விழுந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார். அண்ணாத்தே கொஞ்சமும் யோசிக்காமல், “கொரங்கு” என்றார்.

அந்தக் குரங்கு அதற்குப் பிறகு கடையிலும், ரைடுக்கு வருபவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் வளர்ந்தது. முதலில் ஒரு குரங்கு குறுக்கே வந்தது. சில நாளில் அது கூட்டமானது. நான் கேட்ட கடைசிப் பதிப்பில், கோயில் வாசலில் நிறுத்தியிருந்தபோது குரங்கே வந்து ஃபோர்க்கை லாக் செய்துவிட்டிருந்தது. முதலாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து கதை சொல்வதே பெரிய விஷயமாக இருந்தது.

கார்த்திகா மட்டும் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு என்றாள். பிறகு அலுவலகத்தில் வேலை என்றாள். ஒரு நாள் எனக்குச் செய்தி அனுப்பினாள். சைக்கிளைக் கொடுத்துவிட நினைக்கிறேன், பழைய சைக்கிள் எடுப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள் அக்கா என்று.

அண்ணாத்தேயிடம் கைபேசியைக் காட்டினேன். படித்தார்.

“இன்னாத்துக்கு விக்கிறா? சோக்காதான ஓட்டிகினு இருந்தா.”

“உங்கள உழ வெச்சிட்டோம்னு நெனைக்கிறா.”

“நான் எங்கயாவது அவ பேரச் சொன்னனா? அதுக்குதான் கொரங்கு மேல போட்டேன். அவ மேல போடலியே.”

“உங்க மேல போட்டிருக்கணும்.”

தேநீர்க் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்தார். குரங்குக் கதையில் பாதி அவருடைய மானத்தைக் காப்பாற்ற என்று எனக்குத் தெரியும். மறுபாதி அவளைக் காப்பாற்ற என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் பாருங்கள், பழி போட ஒரு குரங்கைத் தேடுகிறார்கள் என்றாலே, உண்மையில் பழி யார் மேல் என்று சம்பந்தப்பட்டவருக்குத் தானாகத் தோன்றிவிடும். அவளுக்குத் தோன்றியது தவறான ஆள்.

“ஸ்கூட்டிய எடு” என்றார்.

அயனம்பாக்கம் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் பின்சீட்டிலிருந்து என் பரம்பரை மறுபடி வெளியே வந்தது. ஃபிளாட் கதவைத் திறந்தது கார்த்திகாவின் சின்ன மகள். தொங்கவிட்ட கையை ஆராய்ந்துவிட்டுக் கேட்டாள்.

“நீங்கதான் எங்கம்மா தள்ளிவிட்ட அண்ணாச்சியா?”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அண்ணாத்தே சிரமப்பட்டு மண்டியிட்டு அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தார்.

“யாரும் தள்ளல கண்ணு. நான்தான் வண்டில ஒண்ண எடுக்க மறந்துட்டேன். உங்கம்மா கரீட்டா பாத்து சொன்னா. நான் கைய உட்டேன், உழுந்தேன். என் தப்பு.”

“கொரங்கு?”

“அது க்ளவுஸ மட்டும்தான் எடுத்துச்சி.”

கார்த்திகா ஈரக் கையோடு வந்து நின்றாள். எங்களை உட்காரச் சொன்னாள். காபி போட எழுந்தவளை அண்ணாத்தே தடுத்தார்.

“இத பாரும்மா. லாக்க எடு, லாக்க எடுன்னு எல்லார் கிட்டயும் கூவிகினு இருந்தேன். எடுக்காத ஒருத்தன எறக்கத்துல பாத்தா இன்னா பண்ணணும்னு நான் சொல்லித் தரவே இல்ல. நூருக்குத் தெரியும், அவ வாய மூடிகினா. உனக்கு எப்டி தெரியும்?”

“நான் பயந்து விக்கல அண்ணாச்சி” என்றாள் அவள். “எனக்குச் சரின்னு பட்டதச் சொன்னேன். அடுத்த நிமிசம் ஒரு மனுசன் முள்ளுக்குள்ள கெடக்காரு. இனிமே எதையாவது பாத்தா நான் வாயத் தொறப்பேனான்னு எனக்கே தெரியல. ஆபீஸ்லகூட இப்ப மீட்டிங்ல பேசுததுக்கு யோசிக்கேன். அப்படி ஒருத்தி கூட்டத்தோட மலைக்கு வரப்படாது.”

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கட்டுப் போட்டவரின் எலும்பு கூடிக்கொண்டிருந்தது. இவளுடையதை யாரும் படம் எடுத்துப் பார்க்கவே இல்லை. தொட்டியருகே, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனேனே, அந்த அப்புறம் இத்தனை நாள் கழித்து, அதுவும் சைக்கிள் விற்பனைச் செய்தியோடு வந்திருக்கிறது.

அண்ணாத்தே எழுந்தார். “வண்டி எங்க?”

அடித்தளப் பார்க்கிங்கில் அவளுடைய சைக்கிளும், தொப்பை குறைக்க வாங்கித் தொப்பையோடு சேர்த்து மறந்துபோன அவள் கணவரின் சைக்கிளும் தூசியோடு நின்றன. வெளியிலிருந்து பார்க்கிங்குக்கு இறங்கும் சரிவைக் காட்டினார் அண்ணாத்தே.

“நூரு, நீ அவரு வண்டிய எடு. லாக்கோட எறங்கு. யம்மா, நீ பின்னாலயே வா. இவ லாக்க எடுக்கல, உனக்குத் தெரியும். எப்ப சொல்லுவ?”

முதல் தடவை நான் பாதிச் சரிவில் இருக்கும்போதே “அக்கா” என்று குரல் வந்தது. “திரும்பப் போ” என்றார் அண்ணாத்தே. அடுத்த தடவை அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கீழே வந்து நின்றும் சொல்லவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. “வாய மூடச் சொல்லல. எடம் பாத்து தொறக்கச் சொன்னேன். திரும்பப் போ.” மறுபடி போனோம். தூசியும் வியர்வையுமாக, இரண்டு நடுத்தர வயதுப் பெண்கள், கார்கள் வந்து போகும் சரிவில் மேலும் கீழும். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு தடவை சமதளத்துக்கு வந்ததும் எனக்குப் பக்கத்தில் வந்து நிறுத்தி, சாதாரணமாக, ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

“அக்கா, உங்க லாக்கு போட்டிருக்கு பாருங்க.”

“ஆங்” என்றார் அண்ணாத்தே. “இது.”

அவள் குமுறி அழுதாள் என்றெல்லாம் எழுதினால் பொய். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இன்னொரு தடவ போவோமாக்கா” என்றாள். சைக்கிளை விற்கவில்லை. அண்ணாத்தேயின் கை சரியான பிறகு போன முதல் மலையில், இறங்குவதற்கு முன்னால் அவருடைய ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தது அவள்தான். வழிகாட்டியின் சைக்கிளை அன்றைக்குப் புதிதாக வந்த வாடிக்கையாளர் சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கம் அப்படித்தான் வந்தது. உங்களுடையதையும் யாரோ ஒருவர் வந்து அமுக்கிப் பார்ப்பார். எனக்குத் தெரியாதா என்று முறைக்காதீர்கள். தெரிந்தவர்கள்தான் மறக்கிறார்கள், தெரியாதவனுக்கு மறக்க என்ன இருக்கிறது?

அன்று பார்க்கிங்கில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் கடைசித் தடவை இறங்கி வந்து நின்று, கால் ஊன்றி, சைக்கிளைச் சாய்த்து வைத்த பிறகு, தூணுக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்தார். நடைப்பயிற்சி உடை, கழுத்தில் விசில். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராம். கார்த்திகா என் காதில், “இவரோட பெரிய தொல்லைக்கா, கோலம் போடுததுக்குக்கூட விதி வச்சிருக்காரு” என்றாள்.

“பார்க்கிங் சரிவுல சைக்கிள் ஓட்டக் கூடாதுன்னு போர்டு இருக்கு. படிக்கலையா நீங்க?” என்றார் அவர்.

“மன்னிச்சிக்கோ சார்” என்றார் அண்ணாத்தே. “எப்ப வந்த?”

“நீங்க ஆரம்பிச்சதுல இருந்தே இங்கதான் நிக்கிறேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

செயலாளர் எங்கள் இருவரையும், அண்ணாத்தேயின் தொங்கும் கையையும் ஒரு முறை பார்த்தார்.

“இறங்கிட்டு இருக்கும்போது விசில் அடிச்சா பயந்து விழுந்துடுவாங்க. நிக்கட்டும்னு பாத்தேன்.”

அண்ணாத்தே என் பக்கம் திரும்பினார்.

“நூரு, முதலாளி கிட்ட சொல்லு. இவருக்கு ஒரு சைக்கிள் குடுத்து வேலைக்கு எடுத்துக்கலாம்.”